முதுகுக்கு விட்ட துணி

எனக்கு வந்தது உயிரை வாங்குகிற நோய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை என்றதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, அப்புறம்?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் என்ன அப்புறம், பிழைத்துத்தானே எதிரில் நிற்கிறேன்! மேல்முதுகு வளைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பெண் பிள்ளை வைத்திருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, ஒரு தடவை அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா தையல்காரர். புதுச்சேரியில் முல்லா வீதிப் பக்கம் எங்கள் வீடு. கடை, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். பெண்களுக்கான ரவிக்கையும் சுடிதாரும் மட்டும்தான் தைப்பார். கையெடுத்துக் கும்பிடலாம், அப்படி ஒரு கை அவருக்கு. அவர் தைத்த உடுப்பைப் போட்டால் யாருக்கும் உடம்பில் ஒரு குறை தெரியாது. பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாத் துணியும் அவர் தைத்ததுதான்: பள்ளிச் சீருடை, பெருநாள் உடுப்பு, வீட்டில் போடுகிற நைட்டி வரைக்கும். ரெடிமேட் துணி என் உடம்பில் பட்டதில்லை என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஆளுக்கு ஒரு மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பின்கழுத்தில் காலர் ஒட்டாமல் தள்ளி நின்றது. முன்பக்கம் தொடை வரை தொங்கியது, பின்பக்கம் இடுப்புக்கு ஏறிக்கொண்டது. இழுத்து இழுத்து விட்டேன். பி.டி. டீச்சர் பார்த்துவிட்டார்.

"ரிஸ்வானா, நேரா நில்லு."

"நேராதான் நிக்கிறேன் மிஸ்."

அவர் பின்னால் வந்து என் முதுகில் கை வைத்து அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், அவர் முகம் மாறியிருந்தது. "நாளைக்கி உங்க அம்மாவ கூட்டிட்டு வா" என்றார்.

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அம்மா வீட்டில் ஆடித் தீர்த்துவிட்டாள். "செல்ல வெச்சிகிட்டு கவுந்து கெடக்காத, கவுந்து கெடக்காதன்னு தொண்டத் தண்ணி வத்த கத்துனனே, கேட்டியாடி? இப்ப கூனிய யாரு கட்டிக்குவா?" என் செல்போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள். அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று மட்டும் சொன்னார். இத்தனைக்கும் ஆஸ்பத்திரி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர் அவர். அன்றைக்கு அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

முதலில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக். அவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்புதான். எலும்புப் பிரிவின் வாசலில் கட்டுப் போட்ட கை, கட்டுப் போட்ட கால், கோல் ஊன்றியவர்கள், நடுவில் ஒன்றுமே ஆகாத மாதிரி நான். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒனக்கு என்னம்மா? நல்லாத்தான இருக்க?" என்றார். எனக்கும் அதேதான் கேட்கத் தோன்றியது. படம், மறுபடியும் படம், பிறகு ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். முதுகு வளைந்தால் நுரையீரலுக்கு இடம் குறையுமாம், அதற்கான சோதனை. ஊதி ஊதிக் கண் இருண்டது. ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா விடாமல் ஓதிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நல்லவர். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, பொறுமையாக விளக்கினார். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள். எனக்கு மேல்முதுகில் சில கட்டைகள் முன்பக்கம் சரியாக வளராமல் சப்பையாகிவிட்டன. பின்பக்கம் மட்டும் வளர, முதுகு முன்னால் மடங்கிவிட்டது. மேல்முதுகு இப்படிக் கூடுதலாக வளைவதற்குக் கைஃபோசிஸ் என்று பெயர். என்னுடைய வகைக்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அது வாயில் நுழையாது. செல்போன் பார்த்ததால் வருவதில்லை என்று அவர் சொன்னதும் நான் அம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

"ஆபரேஷன் வேணாம். அந்த அளவுக்கு இல்ல" என்றார். "பெல்ட் போட்டு, எக்சர்சைஸ் பண்ணா கொஞ்சம் நிமித்தலாம். ஆனா எலும்பு வளந்துகிட்டு இருக்கிற வரைக்கும்தான் அது வேல செய்யும்." இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். அந்தக் கோடு எலும்போடு ஒட்டிப்போனால் வளர்த்தி முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பெரும்பகுதி ஒட்டியிருந்தது. கொஞ்சம்தான் பாக்கி.

"ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இத கிட்டத்தட்ட நேராக்கியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அம்மா பதறிப்போனாள். "அப்பல்லாம் ஒண்ணுமே தெரியலியே சார்! சுடிதாரு போட்டா அவ்ளோ அழகா நிக்குமே இவளுக்கு!" அத்தா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கக்கூட அவருக்குக் கை நீளவில்லை, நான்தான் வாங்கினேன்.

பெல்ட் செய்ய அச்சு எடுக்க வேண்டும், உடற்பயிற்சி கற்றுக்கொள்ள வேண்டும், பெல்ட் போட்டபின் தோல் புண்ணாகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கான எலும்பு வார்டு. அம்மா கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக் குடித்தனம் நடத்தினாள். அத்தா காலையில் கடை திறக்குமுன் ஒரு தடவையும், கடை சாத்திவிட்டு ஒரு தடவையும் பிளாஸ்க்கோடு வருவார். செலவுக்கு அம்மாவின் வளையல் போனது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

பிசியோ அக்கா ஒருத்தி இருந்தாள். சிரித்துக்கொண்டே கொல்லுவாள். துண்டைச் சுருட்டி முதுகுக்குக் குறுக்கே வைத்து மல்லாக்கப் படுக்கச் சொல்லுவாள். வளைந்த இடம் அந்தத் துண்டின்மேல் பின்னால் மடங்க வேண்டும். பிறகு குப்புறப் படுத்து, கை ஊன்றாமல் நெஞ்சைத் தூக்க வேண்டும். பிறகு சுவரோரம் குதிகால், பிட்டம், தோள், பின்தலை எல்லாம் சுவரில் படும்படி நிற்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! எனக்குக் குதிகால் பட்டால் தலை படாது, தலை பட்டால் இடுப்பு முன்னால் போய்விடும். "மூச்ச பிடிக்காத, முதுகுக்குள்ள மூச்ச அனுப்பு" என்பாள். முதுகுக்குள் எப்படி அக்கா மூச்சை அனுப்புவது என்று கேட்டால், "அனுப்பு, தானா வழி தெரியும்" என்பாள். அழுகையும் கோபமுமாகத்தான் முதல் நாட்கள் போயின. பழகப் பழகத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஏதோ திறக்கிற மாதிரி இருந்தது, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டில் கோமதி. அரியாங்குப்பம் தாண்டிக் கடலோரத்தில் அவள் ஊர். தவளக்குப்பம் கூட்ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து, இடது கணுக்காலில் மாவுக்கட்டு. என் வயதுதான், என் உயரம்தான், வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. அவளுடைய அம்மா மீன் விற்கிறவர், தூக்குச்சட்டியைத் திறந்தால் மீன்குழம்பு வாசனைக்கு வார்டே எழுந்து உட்காரும். கோமதி இல்லாவிட்டால் அந்த வார்டில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அவளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று அந்தக் குழம்புதான் கவிழ்ந்தது. ஊருக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்துவந்த டாப்ஸ் முழுக்கக் குழம்பு. "நைட்டியோட ஊருக்குள்ள போனா மானம் போவும்" என்று கோமதி கத்த, என் பையிலிருந்து நீல நிற டாப்ஸை எடுத்துக் கொடுத்தேன். பெருநாளுக்கு அத்தா தைத்தது. அவள் போட்டுக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. திரும்பினாள். பின்னால் தோள்பட்டைகளுக்கு நடுவில் துணி பை மாதிரி உப்பி நின்றது. பின்பக்க விளிம்பு முன்பக்கத்தைவிட நன்றாகக் கீழே தொங்கியது.

"ஏய், உங்கத்தா ஒனக்கு மூட்ட தூக்க எடம் வுட்டு தெச்சிருக்காராடி?" என்று கோமதி தன் முதுகைத் தடவிப் பார்த்துக் கேட்டாள். வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அத்தா தைக்கிற துணிக்கெல்லாம் கொக்கி வைத்து, விளிம்பு மடித்துக் கையால் தைப்பவள் அவள்தான். விளிம்பை மட்டுமே பார்த்துப் பழகியவள், முழுத் துணியை அன்றைக்குத்தான் பார்த்தாள். கோமதியின் முதுகில் உப்பி நின்ற துணியை விரல்களால் கொத்தாகப் பிடித்தாள். என்னைத் திருப்பி நிறுத்தி என் முதுகைத் தொட்டாள். மறுபடியும் அந்தத் துணியைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து அத்தா பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார்.

"என்னங்க இது?" என்றாள் அம்மா, கையிலிருந்த துணியை விடாமல்.

அத்தா பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "முதுகுக்கு வுட்ட துணி" என்றார்.

"தெரிஞ்சேதான் வுட்டீங்களா?"

கோமதியின் அம்மா ஒன்றும் புரியாமல், "டிரஸ்ஸு நல்லாத்தான் இருக்குது, வுடும்மா" என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என் முதுகுக்குத் தைத்த டாப்ஸைப் போட்டுக்கொண்டு கோமதி கையாட்டிவிட்டுப் போனாள்.

நான் பின்னாலேயே போய்க் கேட்டபோது, மாடிப்படியில் வைத்துத்தான் அத்தா வாயைத் திறந்தார். நீண்ட காலமாக அவருக்குத் தெரியுமாம். ஒரு பெருநாளுக்குத் தைத்தபோது பின்பக்கம் ஏறிக்கொண்டு நின்றதாம். "கொஞ்சம் வுட்டேன் பாப்பா, சரியா உக்காந்துச்சு. அடுத்த வருஷமும் ஏறுச்சு. இன்னும் கொஞ்சம் வுட்டேன்." வருகிற எல்லாப் பெண்களுக்கும் அவர் செய்கிற வேலைதான் அது. ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே பஞ்சு வைப்பார், ஒரு பக்க இடுப்பு தூக்கியிருந்தால் அந்தப் பக்கம் கூட்டி வெட்டுவார். உடம்பில் இருக்கிற கோணலை வந்தவர்களிடம் வாயால் சொல்லக் கூடாது, துணியில் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும். அதுதான் அவர் கடையின் மரியாதை. அந்த மரியாதைக்காகத்தான் பாதி ஊர் அவரிடம் வந்தது.

"ஒடம்ப பத்தி சொன்னா மனசு நோவும்" என்றார். "யார்கிட்டயும் சொல்லி பழக்கமில்ல."

"நான் என்ன உங்க கடைக்கு வந்த கஸ்டமரா அத்தா?"

படியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். அத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே ஏறிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வார்டில் இருந்த வரைக்கும் அவரோடு பேசவில்லை. பிளாஸ்க்கை வைத்துவிட்டுச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். பேசியிருக்கலாம்.

பெல்ட் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் தயாராகி வந்தது. பெல்ட் என்று சொல்கிறார்களே தவிர அது பெல்ட்டே இல்லை, கெட்டி பிளாஸ்டிக் கூடு. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும். பின்னால் வளைவின் உச்சியில் ஒரு மெத்தை அழுத்தும், முன்னால் இரண்டு மெத்தைகள் தோள்களைப் பின்னால் தள்ளும். முன்பக்கத்து அழுத்தம் குறைந்தால் சப்பையான எலும்பு வளர இடம் கிடைக்கும் என்பது கணக்கு. குளிக்கவும் உடற்பயிற்சிக்கும் மட்டும் கழற்றலாம். தூங்குவதும் அதோடுதான். புதுச்சேரி வெயிலில், அந்தக் கூட்டுக்குள், மே மாதத்தில்! இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை.

உள்ளே பனியன் போட வேண்டும், வீட்டுக்கு வந்த சில நாளில் அதன் தையல் அழுத்தித் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. அத்தா கேட்காமலே நாலைந்து பனியன் தைத்துக்கொண்டு வந்து வைத்தார். மெல்லிய பருத்தி, தையல் எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே தடவிப் பார்த்தால் ஒரு நூல்கூட உறுத்தவில்லை. அன்றைக்குத்தான் "நல்லாருக்கு அத்தா" என்று பேசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா கூட்டுக்குள் கையை விட்டு முதுகில் பவுடர் போடுவாள், நான் குனிய முடியாததால் செருப்பு மாட்டிவிடுவாள். வாய் மட்டும் ஓயாது. அந்த வாயைத் தாங்கிக்கொள்ள நான் பழகிவிட்டேன்.

கடையில் அத்தா வேறு ஆளாகிவிட்டார். அளவெடுக்கும்போது, "இந்தத் தோளு எறங்கியிருக்குதும்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். சுடிதார் தைக்கக் கூட்டிவருகிற சிறுமிகளைத் திரும்பி நிற்கச் சொல்லுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி ஒருவர், வீதியில் எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள், எத்தனையோ வருடமாக அத்தாவிடம்தான் ரவிக்கை தைத்தவர். "மதாம், இடுப்பு ஒரு பக்கம் தூக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறார் மனிதர். மதாம் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவே இல்லை. இன்னொரு அம்மாள், "எம்பொண்ண கூனின்னு சொல்றியா? வாய்ல என்ன வெச்சிருக்க?" என்று சந்தே கேட்கக் கத்திவிட்டுப் போனார்.

"உங்களுக்கு ஏங்க இந்த வேல?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஒண்ணு வாயே தெறக்க மாட்டீங்க, இல்லன்னா ஊரையே தொறத்துவீங்க!"

"சொல்லாம இருந்ததுக்கு சொல்லி தொறத்துறது மேலு" என்பார்.

இடையில் படம் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. வலி போனது, மூச்சு நன்றாக வந்தது, சுவரில் பின்தலை பட்டது. பட்ட அன்று அம்மா வீதி முழுக்கப் பாயசம் கொடுத்தாள். ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் இடுப்பெலும்பின் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோடு முழுக்க ஒட்டிவிட்டிருந்தது.

அன்றைக்கு நான் மட்டும் முதலில் உள்ளே போனேன். அம்மாவும் அத்தாவும் மருந்துக் கடைப் பக்கம் போயிருந்தார்கள். "வளர்த்தி நின்னுடுச்சும்மா. இனிமே பெல்ட் வேணாம்" என்றார் டாக்டர். "ஆரம்பத்துல இருந்ததுக்கு இது எவ்வளவோ நல்லா இருக்கு. இந்த வளைவு இப்படியே நிக்கும். எக்சர்சைஸ மட்டும் விட்டுடாத."

கூட்டைக் கழற்றப்போகிறோம் என்ற சந்தோஷம் வரவேயில்லை. இதுதான் என் முதுகு, இனி இவ்வளவுதான். நேரான முதுகு ஒன்று எனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமல் போய்விட்டது. அதைவிட, அத்தா வந்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"சார், ஒரு உதவி" என்றேன். "எங்க அத்தா கேப்பாரு, முன்னாடியே வந்திருந்தா சரியாயிருக்குமான்னு. எப்ப வந்திருந்தாலும் இவ்ளோதான்னு சொல்லிடுங்க சார்."

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். அதற்குள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். பெல்ட் வேண்டாம் என்றதும் அம்மா டாக்டர் முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தா நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சார். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தான்னு அன்னிக்கி சொன்னீங்க. வந்திருந்தா நேராயிருக்குமா?"

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "அது ஒரு பேச்சுக்கு சொன்னதுங்க. சில முதுகு இப்படித்தான். எப்ப வந்திருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்கும்" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அத்தா.

பேருந்து நிறுத்தத்தில் அம்மா யாருக்கோ போன் போட்டு, "ஆமா, எல்லாம் சரியாயிடுச்சு, அல்ஹம்துலில்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தா என் பக்கத்தில் வந்து நின்றார். கழற்றிய கூடு ஒரு துணிப்பையில் அவர் கையில் இருந்தது.

"நீதான சொல்லச் சொன்ன?" என்றார்.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அன்னிக்கி படத்த காட்டி, என் மொகத்த பாத்து சொன்ன மனுஷன். இன்னிக்கி எழுதிகிட்டே சொல்றாரு."

"அத்தா, வுடுங்க. எனக்கு வருத்தமில்ல."

"ஒனக்கு வருத்தம் இருக்குது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "எனக்கும் இருக்குது. அது எங்கிட்டயே இருக்கட்டும் பாப்பா, நீ அதுக்கு ஒட்டுப் போடாத."

பேருந்து வந்தது. அம்மா போனும் கையுமாக முதலில் ஏறிப் போய் இடம் பிடித்தாள். அத்தா என்னை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். படியில் நிற்கும்போது அவர் கண் என் முதுகில் இருப்பது எனக்குத் தெரிந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்ளக் கை போனது. எடுத்துவிட்டேன். அவர் பார்க்கட்டும் என்று அப்படியே ஏறினேன்.